'சப்ஜெக்ட் டு லோன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். கொடுத்த அட்வான்ஸ் திரும்புமா?

கொங்குப் பகுதியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பின்னலாடை நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறவர். கணவர் சொந்தமாக வேன் ஓட்டுகிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

கீழ்த்தளமும் மாடியும் கொண்ட பழைய வீடு ஒன்றை 58 லட்சம் ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். அட்வான்ஸ் 6 லட்சம். அதில் 5 லட்சம் வங்கி வழியாக, 1 லட்சம் ரொக்கமாக. பாக்கி 52 லட்சத்தை 90 நாளில் கொடுக்க வேண்டும். கையில் 10 லட்சம் இருக்கிறது, வங்கி 42 லட்சம் கொடுத்துவிடும் என்பது இவர்கள் கணக்கு. வங்கியோ 29 லட்சத்தோடு நிறுத்திக்கொண்டது. மாடி, அனுமதி பெற்ற வரைபடத்தில் இல்லை. அதனால் அதை மதிப்பீட்டில் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கெடு முடிய இன்னும் மூன்று வாரம்.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்கிறது. எழுதியவர், வீட்டை விற்கும் வீட்டுக்காரர் அழைத்துவந்த ஆள். நான்காவது ஷரத்து, பாக்கித் தொகையை 90 நாளில் தர வேண்டும், 'சப்ஜெக்ட் டு சாங்ஷன் ஆஃப் ஹவுசிங் லோன்' என்கிறது. ஒன்பதாவது ஷரத்து 'நாட்வித்ஸ்டாண்டிங் எனிதிங் கன்டெய்ன்ட் ஹியரின்' என்று தொடங்கி, வாங்குபவர் தவறினால் அட்வான்ஸ் பறிமுதல் என்று முடிகிறது. கையெழுத்துப் போட்டபோது, 'சப்ஜெக்ட் டு லோன்' என்றால் 'லோன் சம்பந்தமாக' என்று இவர் நினைத்திருக்கிறார். கணவரின் தம்பி, "அந்த வார்த்தை இருக்கிறதல்லவா, லோன் கிடைக்காவிட்டால் பணம் முழுசாகத் திரும்பிவிடும்" என்கிறார். வீட்டுக்காரர், "ஒன்பதாவது ஷரத்துதான் எல்லாவற்றுக்கும் மேல், 2 லட்சம் தருகிறேன், முடித்துக்கொள்ளலாம்" என்கிறார். பதிவு செய்யாத ஒப்பந்தம் செல்லுமா, போலீஸில் மோசடிப் புகார் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

சகோதரி, உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, சட்டமும் பெருமளவு இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைத்ததும், உங்கள் கொழுந்தனார் சொல்வதும், வீட்டுக்காரர் சொல்வதும் மூன்றுமே அப்படியே சரியல்ல. கெடு முடியும் முன் இதைப் புரிந்துகொள்வது முக்கியம். ஏனென்றால் அடுத்த மூன்று வாரத்தில் நீங்கள் எழுதப்போகும் ஒவ்வொரு வரியும் பின்னால் சாட்சியாக நிற்கும்.

அந்தச் சொல் என்ன செய்கிறது

'சப்ஜெக்ட் டு' என்ற தொடரைத் தமிழில் 'உட்பட்டு' என்கிறோம். மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தின் கடைசியில் 'சந்தை அபாயங்களுக்கு உட்பட்டவை' என்று வேகமாகப் படிப்பார்களே, அதே சொல்தான். கடை ரசீதின் அடியில் 'சப்ஜெக்ட் டு கோயம்புத்தூர் ஜூரிஸ்டிக்ஷன்' என்று இருந்தால், தகராறு வந்தால் கோவை நீதிமன்றத்துக்குத்தான் வர வேண்டும் என்று பொருள். செக் கொடுத்ததற்கான ரசீதில் 'சப்ஜெக்ட் டு ரியலைசேஷன்' என்றால், செக் பாஸாகிப் பணம் வந்தால்தான் அந்த ரசீது செல்லும்.

பள்ளியில் 'சப்ஜெக்ட்' என்றால் பாடம் என்று படித்ததால் 'சம்பந்தமாக' என்று தோன்றுவது இயல்புதான். 'டு' சேர்ந்ததும் பொருள் வேறாகிவிடுகிறது. அந்தத் தொடருக்கு முன்னால் இருப்பது, பின்னால் இருப்பதற்கு அடங்கி நிற்கிறது. இரண்டும் மோதினால் முன்னால் இருப்பது வழிவிட வேண்டும். சட்டங்களில் வரும் இந்தத் தொடரைப் பற்றி, திருவனந்தபுரம் வருவாய் வாரியம் சம்பந்தப்பட்ட சவுத் இந்தியா கார்ப்பரேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே பொருளைத்தான் சொன்னது. அந்தத் தீர்ப்பு 1964ஆம் ஆண்டின் ஏ.ஐ.ஆர். (ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்) தீர்ப்புத் தொகுப்பில் வெளியாகி இன்றுவரை எடுத்துக்காட்டப்படுகிறது. பெண் பார்க்க வந்தவர்கள் 'ஜாதகம் பொருந்தினால் மேற்கொண்டு பேசலாம்' என்பார்கள் அல்லவா? அங்கே பேச்சு ஜாதகத்துக்கு உட்பட்டது.

ஆகவே உங்கள் நான்காவது ஷரத்தின்படி, 90 நாளில் பணம் தரும் கடமை, லோன் சாங்ஷனுக்கு அடங்கியது. சாங்ஷன் வராவிட்டால் அந்தக் கடமை உங்கள் மேல் விழவில்லை என்று சொல்லலாம். இது உங்களுக்குப் பெரிய பலம்.

ஆனால் அந்தத் தொடர் சொல்லாமல் விட்டதையும் பாருங்கள். எவ்வளவு லோன்? எந்த வங்கி? கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் என்ன ஆகும், எத்தனை நாளில் திரும்பும்? உங்கள் ஷரத்தில் ஒன்றும் இல்லை. 'சப்ஜெக்ட் டு' என்று எழுதிவிட்டாலே பணம் தானாகத் திரும்பிவிடும் என்று உங்கள் கொழுந்தனார் நினைப்பது இங்கேதான் தவறுகிறது. கடமை எழவில்லை என்பதோடு அந்தத் தொடரின் வேலை முடிகிறது. பணத்தைத் திருப்பித் தரச் சொல்வது சட்டம்.

அந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். நடக்குமா நடக்காதா என்று தெரியாத ஒரு நிகழ்வை நம்பிப் போடும் ஒப்பந்தங்களுக்கென்றே அதில் 31 முதல் 36 வரை பிரிவுகள் இருக்கின்றன. குறித்த காலத்துக்குள் அந்த நிகழ்வு நடக்காவிட்டால் ஒப்பந்தம் செல்லாததாகிவிடும் என்கிறது பிரிவு 35. அப்படிச் செல்லாமல் போன ஒப்பந்தத்தின் கீழ் வாங்கிய பலனைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது பிரிவு 65. இரண்டையும் சேர்த்துப் படித்தால் உங்கள் 6 லட்சத்தைக் கேட்க வழி கிடைக்கிறது.

வீட்டுக்காரர் எங்கே பிடிப்பார்

இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "லோன் சாங்ஷன் ஆகிவிட்டதே, 29 லட்சம் கிடைத்ததே, ஷரத்தில் தொகை ஏதும் எழுதவில்லையே, அப்புறம் என்ன நிபந்தனை நிறைவேறவில்லை?" என்று அவர் வக்கீல் கேட்பார். உங்கள் வழக்கின் மெலிந்த இடம் இதுதான். தொகை எழுதாத லோன் நிபந்தனை எதைக் குறிக்கிறது என்பதில் வெளிநாட்டு நீதிமன்றங்களும் திணறியிருக்கின்றன. 'திருப்தியான அடமானக் கடன் கிடைத்தால்' என்று எழுதிய ஒரு நிபந்தனையை, தெளிவே இல்லை என்று 1972இல் இங்கிலாந்தில் ஒரு நீதிபதி செல்லாது என்றே சொல்லிவிட்டார்.

ஆனால் உங்களிடம் பதில் இருக்கிறது. 52 லட்சம் பாக்கியைக் கட்டுவதற்காக வைத்த நிபந்தனை அது. அந்த பாக்கியைக் கட்டப் போதாத கடன், அந்த நிபந்தனை எதிர்பார்த்த கடன் ஆகாது என்று வாதிடலாம். கையெழுத்துக்கு முன்பே '42 லட்சம் லோன் போடுகிறோம்' என்று வீட்டுக்காரரிடம் வாட்ஸ்ஆப்பில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் செய்தி தங்கம் மாதிரி. அழித்துவிடாதீர்கள், ஃபோனையும் மாற்றாதீர்கள். தவிர, இரண்டு விதமாகப் பொருள்படும் ஷரத்தை அதை எழுதிய தரப்புக்கு எதிராகப் படிப்பது ஒப்பந்த வழக்குகளில் பழைய வழக்கம், எழுதவைத்தவர் அவர்.

எல்லாவற்றையும்விட, கடன் குறைந்த காரணம் உங்களிடம் இல்லை. உங்கள் சம்பளமோ சிபில் மதிப்பெண்ணோ காரணமாக இருந்திருந்தால் நான் இவ்வளவு தைரியமாக எழுதமாட்டேன். அனுமதி இல்லாத மாடி அவருடையது. சொத்தில் உள்ள முக்கியமான குறை வாங்குபவருக்குத் தெரியாமலும், சாதாரண கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாமலும் இருந்து, விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அதை அவர் வெளிப்படுத்த வேண்டும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் பிரிவு 55 சொல்கிறது. 'வரைபடத்தைக் கேட்டுப் பார்த்திருக்கலாமே' என்று அவர் திருப்பிக் கேட்கலாம். அட்வான்ஸ் வாங்கிய பிறகுதான் வரைபட நகலைக் கொடுத்தார் என்கிறீர்கள். அது எந்தத் தேதி என்பதற்கு ஆதாரம் தேடி வையுங்கள்.

ஒரு சின்னத் திருத்தம். வங்கி, நீங்கள் பேசிய விலையை வைத்துக் கடன் கணக்குப் போடுவதில்லை. தன் மதிப்பீட்டாளர் சொல்லும் மதிப்பில்தான் போடும். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான வீட்டுக் கடனுக்கு அதிகபட்சம் 90 சதவீதம், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம். மாடியை எந்த வங்கியும் கணக்கில் எடுக்கத் தயங்கும். அதனால் வேறு வங்கிக்கு ஓடினால் 42 லட்சம் கிடைத்துவிடும் என்று நம்பிக் காலத்தைக் கழிக்க வேண்டாம். ஆனாலும் ஒரு வங்கியிலாவது கேட்டு, மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் உண்மையாக முயன்றீர்கள் என்பதற்கு அது சான்று. நிபந்தனை நிறைவேறாதபடி தானே பார்த்துக்கொண்டவர் அந்த நிபந்தனையைக் காட்டித் தப்ப முடியாது. அந்தக் குற்றச்சாட்டு உங்கள் மேல் வரக்கூடாது.

ஒன்பதாவது ஷரத்து அவ்வளவு பெரியதா?

'நாட்வித்ஸ்டாண்டிங்' என்பது 'சப்ஜெக்ட் டு'வுக்கு நேர் எதிர். 'வேறு எங்கே என்ன எழுதியிருந்தாலும் இதுவே செல்லும்' என்று மேலே ஏறி நிற்கும் சொல். வீட்டுக்காரர் பயமுறுத்துவதில் அந்த அளவு உண்மை இருக்கிறது.

ஆனால் அது மேலே ஏறுவது மோதல் இருக்கும் இடத்தில் மட்டும்தான். அந்த ஷரத்து சொல்வது, வாங்குபவர் 'தவறினால்' பறிமுதல் என்பது. கடன் நிபந்தனை நிறைவேறாததால் பணம் கட்டும் கடமையே எழவில்லை என்றால், நீங்கள் எதில் தவறினீர்கள்? தவறே இல்லாத இடத்தில் ஒன்பதாவது ஷரத்துக்கு வேலை இல்லை. இரண்டு ஷரத்தும் மோதாமல் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்படி படிக்கலாம். ஒப்பந்தத்தின் எந்த வரியும் வீணாகாதபடி படிக்கவே நீதிமன்றங்கள் விரும்பும். வீட்டுக்காரர் சொல்வதுபோலப் படித்தால் நான்காவது ஷரத்தின் பின்பாதியை எழுதியதற்கே பொருள் இல்லாமல் போய்விடும். உங்கள் வக்கீலிடம் இந்த வாதத்தை முதலில் வைக்கச் சொல்லுங்கள்.

சரி, நீதிமன்றம் அவர் பக்கம் சாய்ந்து, நீங்கள் தவறியதாகவே வைத்துக்கொண்டாலும் 6 லட்சமும் அவருக்குப் போய்விடுமா? அதுவும் நிச்சயமில்லை. டெல்லிச் சொத்து ஒன்றைப் பற்றிய ஃபதே சந்த் வழக்கில், 1,12,500 ரூபாய் விலைக்கு 1,000 ரூபாய் 'எர்னஸ்ட் மணி' எனப்படும் உறுதித் தொகையாகவும் 24,000 ரூபாய் விலையின் பகுதியாகவும் கொடுக்கப்பட்டிருந்தது. 1963இல் உச்ச நீதிமன்றம் அந்த 1,000 ரூபாயை மட்டும் விற்பவர் வைத்துக்கொள்ளவிட்டது. 24,000 ரூபாயைப் பறிமுதல் செய்ய விடவில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 74, நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது, தண்டனையை அல்ல. 2015இல் கைலாஷ்நாத் வழக்கில் டெல்லி வளர்ச்சி ஆணையம் 78 லட்சம் ரூபாயைப் பறிமுதல் செய்துவிட்டு, அதே மனையை முன்பைவிடப் பல மடங்கு விலைக்கு விற்றிருந்தது. நஷ்டமே இல்லாதபோது எதற்கு இழப்பீடு என்று கேட்டுப் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது உச்ச நீதிமன்றம்.

இதில் எதிர்ப்பக்கமும் உண்டு. ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்கான உறுதித் தொகை என்று தெளிவாக இருந்தால், வாங்குபவர் தவறும்போது அதைப் பறிமுதல் செய்யலாம் என்று 2012இல் சதீஷ் பத்ரா வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே உங்கள் ஒப்பந்தத்தில் அந்த 6 லட்சத்துக்கு என்ன பெயர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். 'அட்வான்ஸ்' என்றோ 'பார்ட் பேமென்ட்' என்றோ இருந்தால் உங்களுக்கு நல்லது. 'எர்னஸ்ட் மணி' என்று இருந்தால் போராட்டம் கொஞ்சம் கடினம்.

மற்ற சந்தேகங்கள்

பதிவு செய்யாத ஒப்பந்தம் வெறும் காகிதம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம், செய்திருக்க வேண்டும். ஆனால் பதிவு செய்யாத ஒப்பந்தத்தையும், அதை நிறைவேற்றக் கோரும் வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கிலேயே 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணத்தைத் திரும்பக் கேட்க உங்களுக்கு வங்கி வழிப் பணமாற்றப் பதிவும் இருக்கிறது. ஆங்கிலம் புரியாமல் கையெழுத்துப் போட்டேன் என்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. படித்தவர் கையெழுத்துப் போட்டால் படித்துத்தான் போட்டார் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அதை உங்கள் வாதமாக வைக்காதீர்கள்.

ரொக்கமாகக் கொடுத்த 1 லட்சத்துக்கு ஒப்பந்தத்தின் பின்பக்கம் அவர் கையெழுத்து இருக்கிறது, நல்லது. சொத்து அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டத்தில் தடை. அபராதம், பணத்தை வாங்கியவர் தலையில்தான் விழும். திருப்பித் தருவதும் வங்கி வழியாகத்தான் இருக்க வேண்டும். இதை அவரை மிரட்டப் பயன்படுத்த வேண்டாம். ரொக்கமாகத் திருப்பித் தருகிறேன் என்று வந்தால் மறுப்பதற்குப் பயன்படுத்துங்கள்.

மோசடிப் புகார் வேண்டாம் என்பது என் கருத்து. ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததென்று காட்டினால்தான் அது மோசடி. உங்களுடையது ஒப்பந்தத் தகராறு. புகார் 'சிவில் விவகாரம்' என்று முடிக்கப்பட்டால் அவர் கைதான் ஓங்கும்.

இந்த மூன்று வாரத்தில்

'எங்களால் பணம் புரட்ட முடியவில்லை, மன்னித்துவிடுங்கள்' என்று போன வாரம் அவருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருக்கிறீர்கள். மனிதர்களுக்கிடையே அது நல்ல பேச்சு. வழக்கில் அது 'நாங்கள் தவறினோம்' என்று ஒப்புக்கொண்டதாகப் படிக்கப்படும். இனி அப்படி எதுவும் எழுதாதீர்கள், ஃபோனிலும் பேசாதீர்கள்.

கெடு முடியும் முன்பே, ஒப்புகையுடன் தபாலில் ஒரு கடிதம் போக வேண்டும். வங்கியின் சாங்ஷன் கடிதத்தையும், மாடியைச் சேர்க்க மறுத்ததற்கான குறிப்பையும் இணையுங்கள். வங்கி வாய்மொழியாகச் சொல்லியிருந்தால் கிளை மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் வாங்குங்கள். கடிதத்தில் இரண்டு வழிகளை வையுங்கள். ஒன்று, மாடியை அவர் செலவில் வரன்முறைப்படுத்த முடியுமானால் அதுவரை கெடுவை நீட்டித்துத் துணை ஒப்பந்தம் போடுவது. இரண்டாவது, நான்காவது ஷரத்தின் நிபந்தனை நிறைவேறாததால் 6 லட்சத்தையும் குறித்த நாளுக்குள் திருப்பித் தருவது. அந்த வீடே வேண்டும் என்று வழக்குப் போடுவதை நான் ஆதரிக்கமாட்டேன். அதற்குப் பணத்தோடு தயாராக இருந்ததை நிரூபிக்க வேண்டும். உங்களிடம் 13 லட்சம் குறைகிறது. அனுமதியில்லாத மாடியும் உங்கள் தலையில் வரும்.

அவர் இறங்கிவராவிட்டால் உங்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எதுவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. ஒப்பந்தத்தில் உங்கள் பெயரும் இருப்பதால் நீங்களே விண்ணப்பிக்கலாம். வழக்குக்கு முன்பே மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்க முடியும். அங்கே முடிந்தால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. இந்த வழியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். வழக்கே போட வேண்டி வந்தால் தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம். 6 லட்சத்துக்கு 18,000 ரூபாய், வக்கீல் செலவு தனி. பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. அதை நம்பி உட்கார வேண்டாம்.

அடுத்த முறை இப்படி எழுதச் சொல்லுங்கள்: 'இந்தத் தேதிக்குள், இன்னின்ன வங்கியில் 42 லட்சத்துக்குக் குறையாமல் வீட்டுக் கடன் கிடைக்க வேண்டும். வாங்குபவர் முறையாக விண்ணப்பித்தும் சொத்து காரணமாகவோ வேறு காரணமாகவோ அது கிடைக்காவிட்டால், இந்த ஒப்பந்தம் முடிவுக்கு வரும். விற்பவர் அட்வான்ஸ் முழுவதையும் 15 நாளில் வங்கி வழியாகத் திருப்பித் தருவார். பறிமுதல் ஷரத்து இதற்கு உட்பட்டது.' கடைசி வாக்கியத்தை விடாதீர்கள். உங்கள் ஒப்பந்தத்தில் அது இருந்திருந்தால் ஒன்பதாவது ஷரத்தைக் காட்டி அவர் பேசியிருக்கவே முடியாது.

அவர் தருவதாகச் சொல்லும் 2 லட்சத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவசரம் உங்களுக்கு இருக்கிறது, வேன் தவணையும் போகிறது என்று எழுதியிருப்பதால் வாங்கவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் 'ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்' என்று அவர் தட்டச்சு செய்து வைத்திருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டால் மீதி 4 லட்சம் அதோடு போயிற்று. வாங்குவதானால் ரசீதில், 'பாக்கி 4 லட்சம் ரூபாய் மீதான எங்கள் உரிமைக்கு உட்பட்டு, 2 லட்சம் ரூபாய் பெற்றுக்கொண்டோம்' என்று நீங்களே தமிழில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் அந்தப் பணத்தை வாங்காதீர்கள். அவர் தாளின் நகலை மட்டும் கேட்டு வாங்கி ஆணைக்குழுவின் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.